வாசலுக்குப் போய் மறுபடியும் வா

மின்விசிறியைக் கொஞ்சம் குறையுங்கள் தம்பி, உங்கள் தாள்கள் பறக்கின்றன. நான் முப்பத்தொரு வருடம் ஆங்கில வாத்தியாராக இருந்தவன். வாக்குமூலத்தை நிதானமாகத்தான் சொல்வேன், விட்டுப்போகாமல் எழுதிக்கொள்ளலாம்.

எங்கள் ஊர் தேவாலயத்தில் வருடத்துக்கு ஒரு நாள் ஆங்கில விழா நடக்கும். ஆரம்பித்தவன் நான். பாதிரியார் நாடகக் காட்சி ஒன்று படிப்பார், பால்காரர் கவிதை சொல்வார், தபால்காரர் மனைவி கதை வாசிப்பார். அன்று சுற்றுச்சுவருக்குள் ஆங்கிலம் மட்டும்தான். தேவாலயப் படிக்கட்டுக்குப் பக்கத்தில் என் மேசை, மேசைமேல் ஒரு சின்ன மணி. யாராவது வீட்டுப் பேச்சில் வாயைத் திறந்தால் மணியை அடிப்பேன். அவர்கள் வெளிவாசல் வரை நடந்துபோய்த் திரும்பி வந்து, சொல்ல வந்ததை ஆங்கிலத்தில் முழு வாக்கியமாகச் சொல்ல வேண்டும். எல்லாரும் சிரிப்பார்கள். பாதிரியாரே ஒரு தடவை நடந்திருக்கிறார்.

தச்சரைப் பற்றிக் கேட்டீர்கள். அவர்மேல் எனக்கு ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர். போன வருடம் மேடையேறி, மரம் இழைப்பதைப் பற்றித் தானே எழுதிய கவிதையை ஆங்கிலத்தில் படித்தார். பதினொரு பிழை, நான் எண்ணினேன். ஆனால் முன்வரிசையில் பாதிப்பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வெளியூரிலிருந்து வந்த விருந்தாளி கோப்பையை அவர் கையில் கொடுத்து, இந்த ஊரில் மொழி தெரிந்தவர் இவர் ஒருவர்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நானும் கை தட்டினேன். அது அன்றோடு முடிந்துபோன விஷயம்.

இந்த வருட விழாவன்று காலை பதினொரு மணி இருக்கும். உள்ளே பாதிரியார் ஒலிபெருக்கியில் படித்துக்கொண்டிருந்தார், கதவுகள் சாத்தியிருந்தன. பக்கவாட்டு முற்றத்தில் தச்சரும் அவர் மனைவியும் தேவாலய வேனிலிருந்து பெஞ்சுகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். வேன் சாவி எப்போதும்போல என் சட்டைப்பையில் இருந்தது.

அந்தப் பெண் மூச்சிரைக்க ஓடி வந்தாள். "சார், அவருக்கு நெஞ்சு வலி, அப்படியே விழுந்துட்டாரு. சாவி குடுங்க சார்."

நான் மணியை அடித்தேன்.

அவள் ஏன் மணிக்குக் கட்டுப்பட்டாள் என்று நீங்கள் ஆச்சரியப்படுவது புரிகிறது. அவள் என் மாணவி. மூன்று வருடம் என்னிடம் படித்தவள். அந்த மூன்று வருடத்தில் எத்தனை தடவை அவளை வகுப்பு வாசலுக்கு அனுப்பியிருப்பேன் என்று கணக்கில்லை. நான் விரலை நீட்டினேன், அவள் கால்கள் தானாகத் திரும்பின. ஓடித்தான் போனாள். வெளிவாசல் கொஞ்சம் தூரம்.

திரும்பி வந்து, "சார்... ஹஸ்பண்ட்... பெயின்..." என்றாள். அது வாக்கியம் ஆகாது. மணி அடித்தேன். அடுத்த தடவை அழுதுகொண்டே வந்து, "வாயில வரமாட்டேங்குது சார்" என்றாள். அதற்கும் அடித்தேன். ஒருவருக்கு ஒரு நியாயம், இன்னொருவருக்கு ஒரு நியாயம் என்று வைக்க முடியாது. மூன்றாவது தடவை படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்தபடி நின்று, ஒவ்வொரு சொல்லாகச் சேர்த்து முழுதாகச் சொல்லிவிட்டாள். நான் "குட்" என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தேன். உள்ளேயிருந்து ஓடி வந்த பால்காரர்தான் வேனை ஓட்டினார். ஒரு பத்து நிமிடம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னாராம். டாக்டர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

என்மேல் யாரும் புகார் கொடுக்கவில்லை, அதைக் கவனியுங்கள். அவளே கொடுக்கவில்லை. நேற்று முன்தினம் என் வீட்டுக்கு வந்தாள். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"என்னை மன்னிச்சிடுங்க சார். நீங்க அவ்வளவு சொல்லிக் குடுத்தும் அன்னைக்கு எனக்கு வரல. நான் ஒழுங்காப் படிச்சிருந்தா அவர் இருந்திருப்பாரு. எனக்கு மறுபடியும் சொல்லிக் குடுக்கறீங்களா?"

தட்டில் தேநீர் கொண்டுவந்த என் மனைவி அப்படியே நின்றுவிட்டாள். அன்று அவள் தேவாலயச் சமையலறையில் இருந்தாள். மணிச் சத்தம் மூன்று தடவை கேட்டதாம், யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்தாளாம். அந்தப் பெண் போனதும் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அவர் விழுந்தது உங்க மேசையிலேர்ந்து தெரியுமே. பாத்தீங்களா?"

பார்த்தேன். மனைவியிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லை. அவர் மார்பைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்ததையும் பார்த்தேன், சரிந்ததையும் பார்த்தேன். தச்சர் மனைவி ஓடி வருவதற்குள் சாவியைக் கையில் எடுத்துவிட்டேன். பிறகு அதைப் பையிலேயே போட்டுக்கொண்டேன். "நீங்களே போய்ச் சொல்லுங்க, இல்லன்னா நான் போறேன்" என்றாள் மனைவி. அதன்பிறகு என்னோடு பேசவில்லை. அதனால்தான் காவல் நிலையத்துக்கு வந்தேன்.

எங்கே கையெழுத்து என்று காட்டுங்கள் தம்பி. நான்கு மணிக்கு அந்தப் பெண்ணுக்கு வகுப்பு வைத்திருக்கிறேன். பாவம், சொல்லிக்கொடுக்க அவளுக்கு என்னைவிட்டால் யார் இருக்கிறார்கள்?