ஓடுதேன்னா ஓ.டி. இல்ல

“ஞாயித்துக்கெழம ஓடுதேன் சார்னு சொன்னேன்க்கா. மெஷின் சத்தத்துல அவரு காதுல ஓ.டி.ன்னு விழுந்துட்டு.”

ஒரகடம் போகும் கம்பெனி பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். சொன்னவளுக்குத் திருநெல்வேலிப் பேச்சு. கேட்டவள் இந்த ஊர்க்காரி.

“யாரு, சூப்பர்வைசரா?”

“ஆமா. ஞாயித்துக்கெழம ஓவர்டைம் வேலைக்கு என் பேரப் போட்டுட்டாரு. நான் பத்து கிலோமீட்டர் ரேஸுக்குப் போயிட்டேன்.”

“அய்ய, மாட்டிக்கினியா?”

“நாங்க ஓடி வாரதுக்காக ரோட்டுல வண்டியெல்லாம் நிப்பாட்டி வச்சிருந்தாங்க. அதுல நம்ம கம்பெனி பஸ்ஸு. ஜன்னல்ல அவரு.”

“இன்னா சொன்னாரு?”

“கை தட்டுனாருக்கா. ‘சூப்பர்மா, விடாத, ஓடு’ன்னு கத்துனாரு. மூச்சு வாங்கி நடந்துக்கிட்டிருந்தவ, அதுக்குப் பொறவுதான் ஓடுனேன்.”

“பரவால்லியே, நல்ல மனுசன்தான்.”

“திங்கக்கெழம, ஏன் வேலைக்கு வரலன்னு லைன்ல எல்லார் முன்னாடியும் வச்சு ஏசுனாரு.”

“அவருதானடி கை தட்னாரு?”

கம்பெனி கேட் வந்துவிட்டது. அவள் பையிலிருந்து தொப்பியையும் மாஸ்க்கையும் எடுத்தாள்.

“சேந்த நாள்லேருந்து இதப் போட்டுத்தான பாக்காரு. என் மூஞ்சி அவருக்குத் தெரியாதுல்லாக்கா.”