மூக்கைப் பொத்திய கை

மூன்று மணிக் கூட்டத்துக்கு இரண்டரைக்கே வந்து, நாற்காலிகளைத் தன் துண்டாலேயே துடைத்துப் போட்ட எங்கள் பன்றி வளர்ப்போர் சங்கத் தலைவர் அவர்களே! பன்றிகள் பார்த்ததும் பதறி ஓடினாலும், நாங்கள் கூப்பிட்டதும் பாசத்தோடு ஓடி வருகிற கால்நடை மருத்துவர் அவர்களே! தீவனம் கரைத்து, தொட்டி கழுவி, தோளில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்த தாய்மார்களே! பிரசவம் பார்த்துப் பார்த்தே தலை நரைத்த பெரியவர்களே! கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில், எந்த நேரமும் எழுந்து போக வசதியாக உட்கார்ந்திருக்கும் என் கொழுந்தனாரின் மனைவியே, என் ஓரகத்தியே! உனக்கும் என் வணக்கம். இன்று ஒருநாள் மட்டும் எழுந்து போய்விடாதே. இன்றைய பேச்சே உனக்காகத்தான்.

நம் சங்கத்தில் சுத்தமான பண்ணை என்னுடையதுதானாம். இதோ, கேடயம் கொடுத்திருக்கிறார்கள். "சுத்தம் பற்றிப் பத்து நிமிடம் பேசுங்கள்" என்று தலைவர் சொன்னார். எட்டுப் பக்கம் எழுதிக்கொண்டு வந்தேன். அந்த எட்டுப் பக்கத்தையும் மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன். கைதட்டாதீர்கள்! பேச்சு சின்னதாகிவிட்டது என்று சந்தோஷப்படாதீர்கள்! நான் இன்று என்னைப் பற்றி ஒரு குற்றப்பத்திரிகை வாசிக்கப் போகிறேன்.

முதலில் ஒன்றைக் கேட்கிறேன். பன்றி அசுத்தம் என்று சொன்னது யார்? படுக்க ஒரு மூலை, கழிக்க ஒரு மூலை என்று யாரும் சொல்லிக் கொடுக்காமலே பிரித்து வைத்துக்கொள்ளும் உயிர் அல்லவா அது? கழற்றிய சட்டையைக் கட்டிலிலும், குடித்த தம்ளரைச் சன்னலிலும் வைக்கும் ஆண்மக்கள் எத்தனை பேர் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள்? ஆமாம், தீவனக்கடைக்காரரே, உங்களைத்தான்! உங்கள் வீட்டம்மா தலையாட்டுவது இங்கிருந்தே தெரிகிறது.

அப்படிப்பட்ட பன்றியை வளர்க்கும் எனக்குச் சுத்தம் என்றால் ஒரு செருக்கு. தரையைத் தேய்ப்பேன், தடுப்பைத் தேய்ப்பேன், தண்ணீர்த் தொட்டியின் அடியைக்கூடத் தேய்ப்பேன். தேய்த்துத் தேய்த்துக் கடைசியில் ஓர் உறவையே தேய்த்துவிட்டேன், தாய்மார்களே!

மூன்று ஆண்டுகளுக்கு முன்னால், எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் என் கொழுந்தனார் வீட்டில் புதுக் கொட்டகை திறந்தார்கள். உறவெல்லாம் கூடியிருந்தது. விடிந்ததிலிருந்து ஒற்றை ஆளாக நின்று கழுவி, வைக்கோல் பரப்பி, வந்தவர்களை வாசலுக்கு வந்து வரவேற்றாள் என் ஓரகத்தி, இதோ இவள். நான் என்ன செய்தேன்? உள்ளே ஒரு காலை வைத்தேன். கைக்குட்டையை எடுத்தேன். இதோ, இந்தக் கையால் மூக்கைப் பொத்தினேன். பொத்திக்கொண்டு, அத்தனை பேர் முன்னால் சொன்னேன்: "இதுக்குள்ள மனுஷி வருவாளா? உன் பன்னியே மூக்கப் புடிச்சுக்கிட்டு ஓடிடும் போல!"

எல்லோரும் சிரித்தார்கள். இவள் சிரிக்கவில்லை.

இரண்டு வீட்டுக்கும் நடுவே சுவரில் ஒரு சின்ன இரும்புக் கதவு உண்டு. அன்று மாலை அது சாத்தப்பட்டது. தாழ்ப்பாள் துருவேறியது. சுவருக்கு அந்தப் பக்கம் அவள் தீவன வாளியின் சத்தம் கேட்கும், இந்தப் பக்கம் என் துடைப்பத்தின் சத்தம் கேட்கும். "அக்கா" என்று என்னை வாய் நிறையக் கூப்பிட்ட குரல் மட்டும் மூன்று ஆண்டு கேட்கவே இல்லை. எனக்கு வலித்ததா? வலித்தது. வாயைத் திறந்தேனா? இல்லை! மூத்தவள் நான் எப்படி இறங்கிப் போவது என்று முறுக்கிக்கொண்டு நின்றேன்.

இருங்கள் தலைவரே, மணியை இன்னும் அடிக்காதீர்கள். இனிமேல்தான் குட்டிகளே பிறக்கப் போகின்றன!

இரண்டு மாதத்துக்கு முன்னால், பட்டப்பகல் பதினொரு மணி. என் சீமாட்டிக்கு முதல் பிரசவம். சீமாட்டி என்பது என் தாய்ப்பன்றி. அவள் நடையைப் பார்த்து வைத்த பெயர். ஒன்று வந்தது! துடைத்தேன். இரண்டு வந்தது! துள்ளினேன். மூன்று, நான்கு, ஐந்து! என் வீட்டுக்காரர் வேலிப் பக்கம் நின்று ஆறு என்று கத்துகிறார், நான் ஏழு என்று கத்துகிறேன்! பன்றி வளர்ப்பவர்களே, சொல்லுங்கள், ஏழு உயிர் வழுக்கிக்கொண்டு வந்து விழுந்து, கண் திறந்ததும் நேரே தாயின் மடியைத் தேடி நடக்கிறதே, அந்தக் காட்சிக்கு ஈடு எது? அதைப் பார்த்துத் துள்ளாத மனசும் ஒரு மனசா?

துள்ளினேன். ஐந்து நிமிடம்தான். குட்டிகள் காம்பைக் கவ்வின, விட்டன, கதறின. மறுபடி கவ்வின, மறுபடி கதறின. மடியைத் தொட்டேன். கல்லாக இருந்தது. அனலாகக் கொதித்தது.

இதோ இந்த மருத்துவர்தான் வண்டியைப் போட்டுக்கொண்டு வந்தார். ஊசி போட்டார். பிறகு சொன்னார்: "தாய் பொழச்சுக்கும்மா. ஆனா பால் இறங்க ரெண்டு நாளாவது ஆகும். குட்டிங்களுக்குச் சீம்பால் இன்னிக்கே, இப்பவே உள்ள போகணும். இல்லன்னா ஒண்ணுகூடத் தேறாது. பக்கத்துல எங்கயாவது புதுசாக் குட்டி போட்ட பன்னி இருக்கா?"

என் வீட்டுக்காரர் என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தார். "இருக்கு டாக்டர். காலைலதான் போட்டிருக்கு. ஆறு குட்டி. சுவத்துக்கு அந்தப் பக்கம்."

அந்த நிமிடத்தில் இந்தப் புத்திசாலி என்ன செய்தாள் தெரியுமா? ஓடினாளா? கதவைத் தட்டினாளா? இல்லை! என் குட்டிகளைப் பார்த்து இவள் மூக்கைப் பொத்திவிட்டால் என் மானம் என்ன ஆவது என்று நினைத்தாள். விருந்தாளிகளுக்காக எடுத்து வைத்திருந்த வாசனை சோப்பை எடுத்தாள். வெந்நீர் வைத்தாள். பிறந்த குட்டிகள் ஏழையும் குளிப்பாட்டினாள்!

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். என் வீட்டுக்காரரும் தலையில் அடித்துக்கொண்டார். "ஏய், என்னடி பண்ற? பொண்ணு பாக்கவா கூட்டிட்டுப் போற?"

"சும்மா இருங்க. அவ வாயில நான் விழ முடியாது."

ஏழையும் துணிக்கூடையில் போட்டுக்கொண்டு கதவுக்கு ஓடினேன். தாழ்ப்பாள் அசையவில்லை. கல்லை எடுத்துத் தட்டினேன். தட்டத் தட்ட உள்ளே ஏழும் கத்துகின்றன. கதவு திறந்தது. இவள் நின்றாள். நான் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பேச்சைத் தொடங்க வாயைத் திறந்தேன். இவள் கூடையைப் பார்த்தாள். "குட்டிங்களக் குடுங்க. பேச்சு அப்புறம்" என்றாள்.

இவளுடைய தாய்ப்பன்றி பரம சாது. ஆனால் என் முதல் குட்டியைப் பக்கத்தில் விட்டதும் முகர்ந்தது. உறுமியது. எழுந்தது. மூக்கால் ஒரே வீச்சு! குட்டி பலகையில் போய் விழுந்தது. மறுபடி பாய்ந்தது, காதைக் கிழித்தது. இவள் உள்ளே குதித்துக் குட்டியைப் பிடுங்கினாள். தன் முகத்துக்கு அருகில் கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள்.

"என்ன இது? சோப்பா?"

"ஆமா... சுத்தமா இருக்கட்டும்னு..."

"பொறந்த குட்டிய யாராவது குளிப்பாட்டுவாங்களா? நடுங்குது பாருங்க! தாய்க்கு அதோட மூக்குதான் கண்ணு. தன் வாசனை இல்லன்னா அது பகையாளின்னுதான் நினைக்கும்."

ஒரு மரப்பெட்டியை இழுத்தாள். மேலே சூட்டுக்கு ஒரு பல்பைப் போட்டாள். என் ஏழையும் தன் ஆறையும் ஒன்றாக உள்ளே விட்டாள். தாய்ப்பன்றி படுத்திருந்த ஈர வைக்கோலை, அதன் சாணத்தோடும் சிறுநீரோடும் அப்படியே அள்ளி வந்து கொட்டினாள். "கைய விடுங்க. ஒவ்வொரு குட்டியா நல்லாத் தேய்ங்க" என்றாள்.

எந்தக் கையை? மூக்கைப் பொத்திய இந்தக் கையை! எந்த வாசனையை? அத்தனை பேர் முன்னால் நான் கேலி செய்த அதே வாசனையை! தேய்த்தேன் பெரியவர்களே. முதுகில் தேய்த்தேன், வயிற்றில் தேய்த்தேன், கிழிந்த காதைச் சுற்றித் தேய்த்தேன். சோப்பு வாசனை போகப் போக என் செருக்கும் போனது. ஒரு மணி நேரம் இரண்டு பேரும் அந்தப் பெட்டிக்கு இரண்டு பக்கம் மண்டியிட்டிருந்தோம்.

பால் கட்டி மடி கனத்ததும், தாய்ப்பன்றி சாய்ந்து படுத்துத் தன் குட்டிகளைக் கூப்பிட்டது. அந்த "கொர், கொர்" சத்தம் நம் எல்லோருக்கும் தெரியுமே! பதினான்கு காம்பு, பதின்மூன்று குட்டி. ஒவ்வொன்றாக விட்டோம். பன்னிரண்டு கவ்விவிட்டன. கடைசியாகக் கிழிந்த காதுக்காரன். தாய்ப்பன்றி தலையைத் தூக்கியது. முகர்ந்தது. என் உயிர் என்னிடம் இல்லை. மறுபடி முகர்ந்தது. தலையைக் கீழே வைத்தது. குட்டி கவ்வியது! குடித்தது! வால் சுழன்றது!

வைக்கோலிலேயே உட்கார்ந்து அழுதேன். "நான் அன்னிக்குச் சொன்னது தப்புடி" என்றேன்.

இவள் கையைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "அன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி சொன்னீங்க. இன்னிக்கு ஆளில்லாத இடத்துல வந்து திருப்பி எடுக்குறீங்க. குட்டிங்கள நான் வளர்த்துத் தர்றேன். ஆனா நீங்க நாலு பேர் முன்னாடி சொல்ற வரைக்கும் உங்க வாசப்படி மிதிக்க மாட்டேன்."

சொன்னபடி செய்தாள். போன வாரம் ஏழும் பால் மறந்தன. அந்த இரும்புக் கதவுக்கு அந்தப் பக்கமே நின்று, ஒவ்வொன்றாக என் கையில் எடுத்துக் கொடுத்தாள். ஒரு அடி உள்ளே வைக்கவில்லை.

இதோ, நாலு பேர் அல்ல, நானூறு பேர் இருக்கிறீர்கள்! நீங்களே சாட்சி! என் பண்ணையின் சுத்தம் கேடயம் வாங்கியது. என்னிடம் ஏழு உயிர் இன்று ஓடியாடுகிறது என்றால், அது இவள் கொட்டகையின் வாசனை போட்ட பிச்சை. அன்று நான் பொத்தியது மூக்கை. காயப்பட்டது இவள் உழைப்பு. சொன்னது தப்பு. சிரிக்க வைத்தது அதைவிடத் தப்பு. என் தங்கச்சி, என்னை மன்னித்துவிடு!

என்ன? கேட்கவில்லையா? மைக்கைப் பக்கத்தில் பிடித்துச் சொல்ல வேண்டுமா? பார்த்தீர்களா இவள் குறும்பை! சரி, சொல்கிறேன். நான் சொன்னது தப்பு! என்னை மன்னித்துவிடு!

சிறுபண்ணைச் சகோதரிகளே, சகோதரர்களே! தொட்டியைக் கழுவுங்கள், தரையைக் கழுவுங்கள், ஆனால் அடுத்தவர் உழைப்பின் முன்னால் மூக்கைப் பொத்தாதீர்கள்! சுவரில் கதவு இருந்தால் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் போடுங்கள்!

மணி அடித்துவிட்டது. பொறுமையாகக் கேட்ட காதுகளுக்கும், போதாதென்று சிரித்த வாய்களுக்கும் என் நன்றி. எல்லோர் கொட்டகையும் நிறையட்டும், அனைவருக்கும் வணக்கம். ஆ, எழுந்துவிட்டாள்! கதவுப் பக்கம் போகிறாளா? இல்லை, இந்தப் பக்கம் வருகிறாள்! என்ன சொல்கிறாய்? சத்தமாகச் சொல்லம்மா, எல்லோரும் கேட்கட்டும்!

"போதும், இறங்குங்க அக்கா. குட்டிங்களுக்குத் தீவனம் வைக்கிற நேரம் ஆச்சு. நானும் வர்றேன்."