மாமா கட்டிய தலைக்கட்டு

தங்கை மகளை அடித்ததாக வந்த புகாரின் பேரில் விசாரிக்கப்பட்ட ஜவஹர், வயது 51, தகப்பனார் பெயர் துரைராஜ், தி.நகரில் லிஃப்ட் ஓடாத குடியிருப்பின் மூன்றாம் மாடியில் வசிப்பவர், ஜவுளிக்கடையில் பொம்மைகளுக்குப் புடவை கட்டும் வேலை, கொடுத்த வாக்குமூலம்:

நான் தங்கை ஷீலா, அவள் மகள் அனுப்ரியா (வயது 7) ஆகியோருடன் குடியிருந்து வருகிறேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அது ஏன் என்பது இந்தப் புகாருக்குத் தேவையில்லை என்று எஸ்.ஐ. அம்மா சொன்னதால் விட்டுவிடுகிறேன்.

சென்ற புதன்கிழமை அடையாறில் ஒரு மருத்துவமனையில், அனுவின் இடது செவிப்பறையிலிருந்த ஓட்டையைக் காதுக்குப் பின்னால் கீறி அடைத்தார்கள். மறுநாள் அந்த இடத்தில் விரலகலப் பிளாஸ்திரி மட்டும் ஒட்டி அனுப்பினார்கள். தலையைச் சுற்றிக் கட்டு இல்லையா என்று கேட்டதற்கு டாக்டர் சித்தார்த்தன், "முன்னல்லாம் இறுக்கிக் கட்டுவோம் சார். அது இல்லாமலே பசங்களுக்கு நல்லா ஆறிடுது. கட்டினா குழந்தைக்குத்தான் அவஸ்தை" என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன்.

அதன் பிறகு வெள்ளிக்கிழமை எதிர்வீட்டுக் கோமளம் மாமி ஹார்லிக்ஸ் பாட்டிலுடன் வந்து, "ஆபரேஷன்னு சொன்னேளே, கட்டையே காணோம்? எங்காத்துல இவருக்குப் பண்ணப்போ தலை பூசணிக்கா மாதிரின்னா இருந்தது" என்றார். பாட்டிலைக் கொடுப்பதா வேண்டாமா என்று அவர் யோசித்ததைக் கண்ணால் பார்த்தேன். அதன் பிறகு மருந்துக்கடையில் ஒரு சுருள் பேண்டேஜ் வாங்கிவந்து அனுவின் தலையில் நானே இறுக்கமான கட்டு போட்டேன். இருபத்தாறு வருடத் தொழில் என்பதால் மடிப்பெல்லாம் வைத்து, அழகாகவே வந்தது. அனு, "மாமா, வலிக்குது" என்றாள். கட்டு என்றால் அப்படித்தான் என்றேன். வேலையிலிருந்து வந்த தங்கையிடம், டாக்டர் போனில் கட்டச் சொன்னதாகப் பொய் சொன்னேன்.

அதன் பிறகு சனிக்கிழமை காலை தங்கை, நங்கநல்லூர் ஆஞ்சநேயர் கோயில் செந்தூரத்தை அந்தக் கட்டின் மேல் இட்டாள். நான் அனுவைப் பூங்காவுக்கு அழைத்துப்போனேன். செந்தூரம் வியர்வையில் கன்னம் வரை வழிந்தது. நடைப்பயிற்சிக்கு வந்த பெண்மணி ஒருவர் அதை ரத்தம் என்று எண்ணிப் போலீசுக்குப் போன் செய்தார். அவர் மேல் வருத்தமில்லை. நானாக இருந்தாலும் செய்திருப்பேன், அதற்குமுன் நாலு பேரிடம் சொல்லியும் இருப்பேன்.

எஸ்.ஐ. அம்மா வந்து குனிந்து, "இத யாரு பாப்பா பண்ணது?" என்று கேட்டார்.

அனு என்னைக் காட்டி, "மாமா" என்றாள்.

"வலிச்சுதா?"

"ஆமா. சொன்னேன். மாமாவுக்குக் காது கேக்கல."

அவள் சொன்ன எதையும் நான் மறுக்கவில்லை. இனி அனு என்னுடன் ஒரே வீட்டில் இருக்கலாமா என்பதைக் குழந்தைகள் நலக் குழுதான் சொல்லும் என்று என்னிடம் கூறப்பட்டது.

அதன் பிறகு காவல் நிலையத்துக்குத் தங்கையை வரவழைத்து, அவள் முன்னிலையில் பெண் காவலர் கட்டைப் பிரித்தார். "இன்னா சார், கீறல் இத்தினூண்டு கீது, துணி இம்மாந்நீளம் கீது" என்றார். வேறு காயம் எதுவும் இல்லை. நெற்றியில் துணியின் நெசவு அப்படியே பதிந்திருந்தது. காது மடல் மடங்கிச் சிவந்திருந்தது. டாக்டரிடம் போனில் கேட்டதில், கட்டச் சொல்லவே இல்லை என்று அவர் தெரிவித்தார். தங்கை அனுவின் காது மடலை நிமிர்த்திவிட்டுக்கொண்டிருந்தாள்.

நான் அனுவை அடிக்கவில்லை. வலிக்கிறது என்று அவள் சொன்னது எனக்கு நன்றாகவே கேட்டது. கடைப் பொம்மைகள் அப்படிச் சொல்வதில்லை என்று ஒரு சமாதானம் சொன்னேன். அதை எழுத வேண்டாம் என்றும் நானே கேட்டுக்கொண்டேன்.

எழுதியதைப் படித்துக் காட்டினார்கள். ஓரிடம் தவிர நான் சொன்னபடியே உள்ளது. 'சாதாரணக் கட்டு' என்றிருந்ததை என் வேண்டுகோளின்படி 'இறுக்கமான கட்டு' என்று திருத்திய பின் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) து. ஜவஹர்