மொய்னுதீன் மீறிய விதி

மேடையில் வீற்றிருக்கும் பரிசோதகர் சங்கத் தலைவர் அவர்களே, சக உறுப்பினர்களே, வீராம்பட்டினத்திலிருந்து நடந்து வந்து, நாற்காலி போடாததால் பின்னால் நிற்கும் தாய்மார்களே, வணக்கம்.

மறைந்த நண்பர் ஜனாப் மொய்னுதீன் அவர்களின் படத்துக்கு மேலே ஒரு துணி கட்டியிருக்கிறோம். 'தொழில் தர்மம் காத்த தூயவர்' என்று எழுதியிருக்கிறது. தொழில் தர்மத்தை மீறினார் என்று போன வருடம் சங்கப் பதிவேட்டிலிருந்து அவர் பெயரை அடித்தது யார்? நாம்தானே?

ஐம்பத்தேழாம் வருடம் ஓர் ஐஸ் கம்பெனி முதலாளி, லைசென்சுக்காகத் தம் கிணற்றுத் தண்ணீரை, ரத்தமும் தண்ணீரும் பரிசோதிக்கும் அவர் கடையில் சோதிக்கக் கொடுத்தார். அதில் சாக்கடை கலந்திருந்தது. சோதிக்கக் கொடுத்தவரிடம் மட்டுமே முடிவைச் சொல்ல வேண்டும் என்பது நம் விதி. நண்பரும் உறையில் ஒட்டிக் கொடுத்தார். முதலாளி உறையைப் பூட்டி வைத்துவிட்டு, ஐஸை வீராம்பட்டினம் ஆடித் தேருக்கு அனுப்பினார். சர்பத் குடித்த ஒன்பது பிள்ளைகள் வாந்திபேதியில் போய்விட்டார்கள்.

உறை விஷயம் கம்பெனி ஆள் ஒருவர் மூலம் வெளியே வந்தது. இதோ நிற்கும் அஞ்சலாட்சி அம்மாள் அவர் கடைக்கு வந்து கேட்டார்:

"ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமாமே பாய். ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா? எம்புள்ளைக்கு வாங்கிக் குடுத்திருக்க மாட்டனே."

பக்கத்தில் இருந்த நான் முந்திக்கொண்டேன். "விதி அப்படி, அம்மா" என்றேன். அந்த வாயை எத்தனை தடவை கழுவியும் நாற்றம் போகவில்லை.

மறு ஆடியிலும் அதே தண்ணீர், அதே முடிவு. இந்தத் தடவை நண்பர் தேரடிக்கே போய், தமுக்கடித்து ஊரறியச் சொன்னார். ஐஸையெல்லாம் மணலில் கொட்டினார்கள். ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை. பிள்ளைகள் செத்தபோது கூடாத சங்கம், பிள்ளைகள் பிழைத்ததற்காகக் கூடியது! அவரை நீக்கிய தீர்மானத்தில் மூன்றாவது கையெழுத்து என்னுடையது. தூ! அதன்பின் அவர் கடைப் படியை யாரும் மிதிக்கவில்லை.

தொழிலுக்கு ஒரு தர்மம், ஊருக்கு ஒரு தர்மமா? ஒருவருடைய சொந்த நோயை நாம் வெளியே சொல்லாமல் இருப்பது தர்மம்தான். ஊர் குடிக்கிற விஷத்தையும் மறைப்போம் என்றால், அதற்குப் பெயர் கூட்டுக் களவு.

அவர் பணியைத் தொடர்வோம் என்று இப்போது தீர்மானம் படித்தீர்கள். நல்லது, நானே தொடங்குகிறேன். அதே கம்பெனி இந்த வருடம் தண்ணீரை என்னிடம் கொடுத்தது. நான் வாய் திறக்க மாட்டேன் என்று அவ்வளவு நம்பிக்கை. நேற்றுச் சோதித்தேன். அதே சாக்கடை.

தாய்மார்களே, வெள்ளிக்கிழமைத் தேரில் ஐஸ் போட்ட எதையும் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள்.

தலைவர் அவர்களே, பேனா உங்கள் பையில்தானே இருக்கிறது? என் பெயரையும் அடித்துவிடுங்கள்.