ஏழாம் நம்பர் ரைமர்

ஆன்சலா: …கொம்பியூற்றர் நேத்தும் நிண்டது, முந்தநாளும் நிண்டது. இண்டைக்கு மட்டும் உம்மட முகத்தைப் பாத்து நிக்காமல் ஓடுமோ, நிரஞ்சன்?

நிரஞ்சன்: ஓடும், ஓடும். கொஞ்சம் நல்ல கதை கதையும்.

ஆன்சலா: தங்கராசா மாஸ்டர் பன்னிரண்டுக்கு வந்து, கதிரையைப் போட்டு ஒரு மணித்தியாலம் இருந்து பாப்பார். நாங்கள் எழுதின கேர்னல்தான் மெசினின்ர எல்லா வேலைக்கும் நேரம் பிரிச்சுக் குடுக்க வேணும். அது நடுவிலை நிண்டா ரெண்டு பேருக்கும் சேர்டிபிக்கற் இல்லை. நான் கடற்கரைக்குப் போய் அப்பாவோடை வலை பொத்த வேண்டியதுதான்.

நிரஞ்சன்: எனக்கு மட்டும் என்னவாம்? ஒட்டுசுட்டானிலை எங்கட அப்பா மண்வெட்டிக்குப் புதுப் பிடி போட்டு வைச்சிருக்கிறார்.

ஆன்சலா: அப்ப கேளும். ரெண்டு நாளும் ஒரே நேரம். சரியா பன்னிரண்டே முக்கால். அந்த நேரத்துக்கு அலாரம் மாதிரி அடிக்கிற ரைமர் ஒண்டு பிழையாக் கிடக்கு.

நிரஞ்சன்: இருக்கிறது ஆறு ரைமர். ஆறும் ஒழுங்கு. வெக்கையிலை மெசின் நிக்குதாக்கும்.

ஆன்சலா: வெக்கை மணி பாத்தோ வரும்? இந்தாரும் கொப்பி. ஒவ்வொரு ரைமருக்கும் ஒரு வரி கீறி வைச்சிருக்கிறன். வைச்சது, ஓடுது, அடிச்சது, நிப்பாட்டினது, மெமரியிலை பிடிச்ச இடத்தை விட்டது. ரைமரின்ர நிலை மாற மாற கேர்னலே திரையிலை எழுதிக் காட்டும். நீர் வாசியும், நான் புள்ளடி போடுறன்.

நிரஞ்சன்: இந்த அவசரத்திலையோ? ஜெனரேற்றருக்கு மண்ணெண்ணெயும் கொஞ்சம்தான் கிடக்கு.

ஆன்சலா: அது காணும். மெசினின்ர மணியை முன்னுக்குத் தள்ளி ஒண்டு பதினாலுக்கு வையும்.

நிரஞ்சன்: ஏன் ஒண்டு பதினாலு? பன்னிரண்டே முக்காலுக்கெல்லோ நிக்குது?

ஆன்சலா: உம்மட கைமணிக்கூட்டிலை பன்னிரண்டே முக்கால். மெசினிலை ஒண்டேகால். அது வவுனியாவிலை இருந்து வந்த மெசின். இன்னும் கொழும்பு அரசாங்கம் மாத்தின புது நேரத்திலை ஓடுது. வன்னியிலை நாங்கள் அதுக்கு மாறாமல் பழைய நேரம். மெசினின்ர மணி அரை மணித்தியாலம் முந்தி ஓடுது, ஒருத்தரும் மாத்தேல்லை.

நிரஞ்சன்: …புது நேரமோ?

ஆன்சலா: ஓம். ஏன் உமக்கு வேர்க்குது?

நிரஞ்சன்: அப்ப மெசினிலை ஒண்டேகால் எண்டா… ஒருத்தரும் சாப்பிடப் போயிருக்க மாட்டினம்… மாஸ்டரும் பின்னாலை நிப்பார்…

ஆன்சலா: என்ன புறுபுறுக்கிறீர்?

நிரஞ்சன்: ஒண்டுமில்லை. வெக்கை.

ஆன்சலா: சரி, ஓட விட்டாச்சு. வாசியும்.

நிரஞ்சன்: ஒண்டு, ஓடுது. ரெண்டு, அடிச்சது. மூண்டு, ஓடுது. நாலு, நிப்பாட்டினது. அஞ்சும் ஆறும் ஓடுது. அவ்வளவுதான். நிப்பாட்டுவம்.

ஆன்சலா: கீழை இன்னொரு வரி கிடக்கு.

நிரஞ்சன்: எங்கை?

ஆன்சலா: உம்மட கைக்குக் கீழை! எடும் கையை. ஏழு!

நிரஞ்சன்: ஏழோ? அது… மூண்டு நாளைக்கு முன்னம் நான் சும்மா சோதிச்சுப் பாக்க வைச்சது. அதை விடும்.

ஆன்சலா: விடுறதோ? இஞ்சை பாரும். ஏழு, வைச்சது. ஏழு, ஓடுது. ஏழு, இடத்தை விட்டது. நிப்பாட்டினது எண்டு ஒரு வரி இல்லை.

நிரஞ்சன்: இடத்தை விட்டதோ? நான் விடேல்லையே!

ஆன்சலா: …ஆரோ விட்டிருக்கினம். அதோ இப்ப முக்கியம்?

நிரஞ்சன்: பின்னை? ஓடுற ரைமரை நிப்பாட்டாமல் அதின்ர இடத்தைத் திருப்பிக் குடுத்தா, அது உள்ளுக்குள்ளை பேசாமல் எண்ணிக்கொண்டு கிடக்கும். நேரம் வர அடிக்கும். அடிக்கேக்கை அந்த இடத்திலை வேற என்னவோ இருக்கும். ஆக்கள் இடம்பெயர்ந்தது தெரியாமல் பழைய வீட்டுக்குப் போன கடிதம் மாதிரி…

ஆன்சலா: நிண்டிட்டுது! சரியா ஒண்டேகால்! பாத்தீரோ, என்ர கொப்பி சொன்னது சரி!

நிரஞ்சன்: அப்ப கள்ளன் ஏழுதான்.

ஆன்சலா: கள்ளனை உள்ளுக்கு விட்டது ஆர் எண்டு நான் கேக்கேல்லை.

நிரஞ்சன்: கேக்காதேயும். திருத்துவம். ஐயோ, எழுநூறு வரி கிடக்கு, எங்கையெண்டு தேடுறது…

ஆன்சலா: நானூற்றிப் பன்னிரண்டாம் வரி. அதுக்கு மேலை, முதல்லை ரைமரை நிப்பாட்டு எண்டு ஒரு வரி சேரும். காணும்.

நிரஞ்சன்: சேத்தாச்சு. விடுறன்… ஒண்டு பதினாலு… ஒண்டேகால்… ஒண்டு பதினாறு… ஓடுது! ஆன்சலா, ஓடுது!

ஆன்சலா: மாதாவே! ஏழுக்கு நேரை ‘நிப்பாட்டினது’ எண்டும் வந்திட்டுது! இனி மாஸ்டர் ஒரு மணித்தியாலம் என்ன, ஒரு கிழமை இருந்து பாக்கட்டும்!

நிரஞ்சன்: பொறும், பொறும். நீர் சொல்லேக்கை நான் பக்கத்தையே திறக்கேல்லை. நானூற்றிப் பன்னிரண்டு எண்டு உமக்கு எப்பிடித் தெரியும்?

ஆன்சலா: …மாஸ்டரின்ர சைக்கிள் கேக்குது. மெசினின்ர மணியைச் சரியா வையும்.

நிரஞ்சன்: கேட்டதுக்குச் சொல்லும். ஏழு அடிக்கத் திரையிலை வரட்டும் எண்டு அந்த இடத்திலை நான் ஒரு செய்தி எழுதி வைச்சனான். அது ஏன் வரேல்லை எண்டு ரெண்டு நாளா முழிச்சுக்கொண்டு திரியிறன். நீர்… அதை வாசிச்சனீரோ?

ஆன்சலா: வாசிச்சனான். அழிச்சதும் நான்தான். ஒரு மணிக்கு எல்லாரும் சாப்பிடப் போனாப் பிறகு எண்டு நினைச்சு நீர் வைச்சது, அரை மணித்தியாலம் முந்தி, ‘ஆன்சலா, உம்மைக் கலியாணம் கட்ட எனக்கு விருப்பம், உமக்கு?’ எண்டு திரை முழுக்க வரப்போகுது, மாஸ்டரும் எங்கட வகுப்புப் பெடியள் பதினொரு பேரும் பின்னாலை நிண்டு வாசிக்கப்போகினம்… பதறிப்போய் அதின்ர இடத்தை விட வைச்சு அழிச்சனான், ரைமரை நிப்பாட்ட மறந்துபோனன். பிறகு ரெண்டு நாளும் சாப்பிடப் போகாமல் இதிலையே குந்தியிருந்தனான், இப்ப வாயைத் திறந்து கேப்பீர், இப்ப கேப்பீர் எண்டு. நீர் மெசினைத்தான் பாத்துக்கொண்டிருந்தீர், மடையா. எனக்கும் விருப்பம்தான். சேர்ச்சோ கோயிலோ எண்டு பிறகு கதைப்பம், முதல்லை கதவைத் திறந்து விடும், மாஸ்டர் வெயிலுக்கை நிக்கிறார்.