பூட்டைப் பற்றிப் பிரசங்கித்த போதகர்

மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் போதகரம்மா அவர்களே, ஷிப்ட் முடிந்த கையோடு, உடையில் ஒட்டிய நூலைக்கூடத் தட்டாமல் ஓடி வந்திருக்கும் என் தையல் ஆலைத் தோழர்களே! சங்கத்தின் செயலாளராக உங்கள் முன் நிற்கிறேன்.

போதகர் ஐயாவின் இந்த இரங்கல் கூட்டத்தில் அழத்தான் வந்தேன். ஆனால் படியேறும்போது அந்தப் பெரிய மலர்வளையம் கண்ணில் பட்டது. திருச்சபைக் கமிட்டி அனுப்பியதாம். உயிரோடு இருந்தவரைப் பிரசங்க மேடையிலிருந்து இறக்கிய அதே கமிட்டி! என் அழுகை நின்றுவிட்டது. மன்னியுங்கள், இன்று நயமாகப் பேச எனக்கு வராது.

அருள்திரு போதகர் ஐயாவை நாம் "செங்கல் போதகர்" என்று அழைத்தோம். அந்தப் பெயர் எப்படி வந்தது?

புதன்கிழமை மாலைகளில் நம் குடியிருப்புக்கு வருவார். அடுப்பு ஒரு மூலை, நாங்கள் பத்துப் பேர் ஒரு மூலை என்றிருந்த ஒற்றை அறையில் வேதாகமம் வாசிப்பார். எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. வாசல் பக்கம் சும்மா உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் யாத்திராகமம். வைக்கோல் தரமாட்டேன், ஆனால் செங்கல் எண்ணிக்கை குறையக் கூடாது என்று எகிப்து மன்னன் பார்வோன் அடிமைகளை விரட்டும் இடம். இஸ்திரிப் பிரிவு அக்கா குறுக்கிட்டார்: "ஐயா, இந்த ஆளு நம்ம சூப்பர்வைசருக்குச் சித்தப்பாவா? அதே பேச்சுப் பேசுறானே!"

எல்லோரும் சிரித்தோம். ஐயா சிரிக்கவில்லை. எழுதி வந்த குறிப்பை மடித்துப் பையில் வைத்தார். "இருபத்தஞ்சு வருஷமா இதைப் பிரசங்கம் பண்றேன். இப்பத்தான் எனக்கே புரியுது. நீங்க சொல்லுங்க, நான் கேக்குறேன்" என்றார். அன்றிலிருந்து அவர் நமக்குச் செங்கல் போதகர்.

சொன்னார்கள். மணிக்கு எண்பது காலர் நூற்றிருபது ஆனதை. நேரம் வீணாகிறதென்று கழிப்பறைக்குப் பூட்டுப் போட்டதை. காலர் தைக்கும் தங்கச்சி, ஏழு மாதக் கர்ப்பிணி, வயிறு வலிக்கிறதென்று மூன்று முறை சாவி கேட்டாள். "டார்கெட்டை முடிச்சுட்டுப் போ" என்றார்கள். மெஷின் பக்கத்திலேயே சுருண்டு விழுந்தாள். பிள்ளை தங்கவில்லை.

ஐயோ, எந்த மனிதன் இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருப்பான்?

அடுத்த ஞாயிறு தேவாலயத்தில், நம் ஆலை முதலாளி முன்வரிசையில் இருக்க, ஐயா அதே அதிகாரத்தை வாசித்தார். பார்வோனைப் பற்றிப் பேசினார். பூட்டைப் பற்றியும் பேசினார். வாசலில் முதலாளி வழிமறித்தார்: "பாஸ்டர், பைபிளை மட்டும் பேசுங்களேன்." ஐயா சொன்னார்: "அதைத்தான் பேசினேன். காதுல விழுந்துச்சில்ல?"

கமிட்டி கூடியது. விடுதலை இறையியல் என்ற பெயரில் அரசியல் பேசுகிறார் என்று குற்றச்சாட்டு. "அடிமைங்களைக் கூட்டிட்டு வெளிய வந்த கதையில அரசியலை எடுத்துட்டா, மிச்சம் என்ன இருக்கு? மணல்தான்!" என்றார் ஐயா. பிரசங்கம் செய்யத் தடை போட்டு, திருச்சபை கொடுத்த வீட்டைப் பத்து நாளில் காலி செய்யச் சொன்னார்கள். போதகரம்மா பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டே கேட்டாராம்: "அந்த அடிமைங்களைக் கூட்டிட்டு வந்த மோசேக்கு யாரு குவார்ட்டர்ஸ் கொடுத்தா? நடங்க!"

நேரே நாங்கள் வேலைநிறுத்தத்தில் உட்கார்ந்திருந்த ஆலை வாசலுக்கு வந்தார்கள். பத்தொன்பது நாள் எங்களோடு நின்றார்கள். ஆறு நாள் அடைமழை. இருபதாம் நாள் கழிப்பறைப் பூட்டு கழன்றது. டார்கெட் எண்பதுக்கு இறங்கியது. ஆனால் ஐயாவின் நெஞ்சில் சளி கட்டிவிட்டது. ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் மூச்சுக்குப் போராடினார். தோற்றார்.

"இயற்கை எய்தினார்" என்று அந்த மலர்வளையத்தில் எழுதியிருக்கிறார்கள். இயற்கையா? அறுபத்திரண்டு வயது மனிதரைக் கூரையில்லாமல் வெளியே தள்ளியது இயற்கையா? பிதாவே, பிதாவே என்று ஜெபித்துவிட்டு, அந்தப் பிதாவின் பிள்ளைகளுக்குக் கழிப்பறையைப் பூட்டி வைத்தவனுக்கு முன்வரிசை கொடுத்தது இயற்கையா? பூவை வைத்து இதை மூட முடியாது ஐயா, முடியாது!

மூச்சு வாங்க வாங்க அவர் என்னிடம் கேட்ட கடைசிக் கேள்வி: "எதிர்ல இருக்கற சாயப்பட்டறைப் பொண்ணுங்க நம்மள வரச் சொன்னாங்களே, எப்பப் போறோம்?" கையுறை இல்லாமல் சாயத்தொட்டியில் கை விட்டு, தோல் உரிந்து நிற்கும் பெண்கள் அவர்கள். "நல்லாகி வாங்க ஐயா, சேர்ந்தே போவோம்" என்றேன். அந்த வாக்கில் பாதியைத்தான் இனி நான் காப்பாற்ற முடியும்.

நாளை மாலை ஐந்தரை மணிக்கு அந்தச் சாயப்பட்டறைக்குப் போகிறேன். வேதாகமம் வாசிக்க இஸ்திரிப் பிரிவு அக்கா வருகிறார். நம்பிக்கை இல்லாத நானும் இம்முறை வாசல் பக்கம் உட்காரப் போவதில்லை. அந்தப் பெண்களின் நடுவில் உட்காரப் போகிறேன்.

வருகிறவர்கள் இப்போதே எழுந்து நில்லுங்கள்!