அலைபேசியில் பேசுபவர் எங்கள் வெலிச்கா அல்ல

மேடையில் அமர்ந்திருக்கும் நகரத் தலைவர் அவர்களே, பாதிரியார் கிரிகோரி அவர்களே, தாயை இழந்து முன்வரிசையில் இருக்கும் மகள் ரலீத்சா, நினைவுநாள் வழக்கப்படி அவித்த கோதுமைக் கிண்ணத்தோடு வாசல்வரை நிற்கும் ராகோவெட்ஸ் மக்களே, வணக்கம்.

நம் மருந்தாளர் வெலிச்கா தனேவா அம்மையார் மறைந்து இன்றோடு நாற்பது நாள். பத்தொன்பது ஆண்டுகள் அவரோடு ஒரே மருந்துக்கடையில் வேலை பார்த்தவன் நான், ஸ்தாமென். எனக்கு அலங்காரமாகப் பேச வராது. நடந்ததைச் சொல்கிறேன்.

நம்மில் யார் அவரிடம் திட்டு வாங்கவில்லை? அலைபேசியில் பார்த்து வாங்கிய பொடியையெல்லாம் பையில் ஒளித்துக்கொண்டுதானே அவர்முன் நின்றோம்! பூதக்கண்ணாடி வைத்து லேபிளைப் படிப்பார். பிறகு ஒரே கேள்வி: "இதைச் சொன்னவனுக்கு உன் ரத்த அழுத்தம் எவ்வளவுன்னு தெரியுமா?"

ஒருமுறை நானே, தோல் சுருக்கம் போகும் என்று விற்கிற கொலாஜன் பொடி டப்பாக்களை அலமாரியில் அடுக்கினேன். எல்லாக் கடையிலும் விற்கிறார்களே! "தாராளமா வை. ஆனா வாங்குறவங்க கண்ணைப் பார்த்து, இது கேக்கும்னு நீதான் சொல்லணும்" என்றார். சாயங்காலமே திருப்பி அனுப்பிவிட்டேன்.

அப்படிப்பட்டவரின் முகத்தைத்தான் போன இலையுதிர் காலத்தில் திருடினார்கள். உள்ளூர்த் தொலைக்காட்சிப் பேட்டியிலிருந்து முகத்தையும் குரலையும் எடுத்து, யாரோ கணினியில் ஒரு காணொளி செய்தார்கள். இந்தச் சொட்டு மருந்தைக் குடித்தால் ரத்த அழுத்த மாத்திரையே வேண்டாம் என்று அதில் வெலிச்கா சொல்கிறார்!

அதை நம்பி நம் இக்லிகா அம்மா மாத்திரையை நிறுத்திவிட்டார். சொல்லலாம் என்று அவரே அனுமதி தந்ததால் சொல்கிறேன். வழக்கமான நாளில் அவர் கடைக்கு வராததால் வெலிச்கா நான்கு மாடி ஏறிப் போனார், நானும் போனேன். அழுத்தம் இருநூறைத் தாண்டியிருந்தது.

"நீதானேடி குடிக்கச் சொன்ன?" என்று காணொளியைக் காட்டினார் இக்லிகா.

"நல்லாப் பாருடி" என்றார் வெலிச்கா. "ஆமான்னு சொல்லிக்கிட்டே தலையை மேலயும் கீழயும் ஆட்டுறா. நம்ம ஊர்ல இல்லைன்னு சொல்லத்தானே அப்படி ஆட்டுவோம்? ஆமான்னா பக்கவாட்டுலதானே ஆட்டுவோம்?"

"நானும் கவனிச்சேன். வாய் ஆமாங்குது, தலை இல்லைங்குது. பாவம், வெலிச்காவுக்கு வயசாயிடுச்சுன்னு நினைச்சுக்கிட்டேன்."

சிரிக்கிறீர்கள். அன்று அவரும் சிரித்தார். படியிறங்கும்போது சிரிக்கவில்லை. "என் பேரை நம்பித்தானே, ஸ்தாமென், அவ சாகக் கிடந்தா" என்றார். அதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

புகார்மேல் புகார் எழுதினார். மூன்று முறை காணொளியை நீக்கினார்கள். நான்காம் முறையும் வந்தது, இன்று காலையும் ஓடியது. மறைந்து நாற்பது நாளான பிறகும் அவரை மருந்து விற்க வைக்கிறார்களே, இது என்ன கொடுமை!

கடையை நான் நடத்துவேன். பூதக்கண்ணாடி அதே மேசையில் இருக்கும். பைகளை ஒளிக்காமல் கொண்டுவாருங்கள்.

இன்னொன்று. வழக்கம்போல அவர் படம் போட்ட இரங்கல் தாளை இன்று கதவுகளிலும் கம்பங்களிலும் ஒட்டப்போகிறோம். ஆறாம் மாதமும் ஒட்டுவோம், ஆண்டு நிறைவிலும் ஒட்டுவோம், அந்தக் காணொளி ஓடும்வரை ஒட்டுவோம். ரலீத்சாவின் சம்மதத்தோடு படத்தின்கீழ் இரண்டு வரி சேர்த்திருக்கிறேன். முதல் தாளை ஒட்ட இக்லிகா அம்மா பசை வாளியோடு காத்திருக்கிறார். அந்த வரிகள் இவை:

"இவர் காலமாகிவிட்டார். உயிரோடு இருந்தபோதும் அந்தக் காணொளியில் அதைச் சொன்னவர் இவர் அல்ல."